80சி போயிடுச்சு... உங்க ரிட்டயர்மென்ட் சேமிப்பும் கூடவே போயிடுச்சா?

ஜனவரி வந்தாலே ஆபீஸில் ஒரு மிரட்டல் மெயில் வரும். 'இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கொடுக்கக் கடைசித் தேதி...' என்று ஹெச்.ஆர். ஆரம்பிப்பார். உடனே ஒரு கூட்டம் பி.பி.எஃப். கணக்கில் பணம் கட்ட ஓடும். இன்னொரு கூட்டம் தெரிந்த மாமாவிடம் அவசர அவசரமாக ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கும். வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் 1.5 லட்சம் ரூபாய் வரை கழிவு கிடைக்கும் என்பதற்காக, நமக்கு முந்தைய தலைமுறை வருஷா வருஷம் எங்கேயாவது பணத்தைப் போட்டு வைத்தது. 'அறுபது வயசுக்கு மேல சாப்பாட்டுக்கு வேணும்' என்று யோசித்துப் போட்டவர்கள் அதில் எத்தனை பேர்? வரியை மிச்சம் பண்ணப் போட்டார்கள், அது தானாக ஓய்வுக்காலப் பணமாக மாறியது.

இன்றைக்கு 24, 25 வயதில் முதல் வேலையில் சேர்கிறவர்களில் பலருக்கு அந்த மெயில் வருவதே இல்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் டீஃபால்ட். நீங்களாக 'பழைய முறை வேண்டும்' என்று சொல்லாவிட்டால் புதியதில்தான் இருப்பீர்கள். அதில் 80சி கழிவு கிடையாது. அதற்குப் பதிலாக வரி விகிதமே குறைவு. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, நிலையான கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து, 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவர் வரியே கட்ட வேண்டியதில்லை.

நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், சேமிக்கச் சொல்லி முதுகில் தட்டிக்கொண்டிருந்த ஒரே ஆளும் கிளம்பிவிட்டார். 'டேக்ஸே இல்லையே, அப்புறம் எதுக்கு பி.பி.எஃப்.?' என்று கேட்கிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. கேள்வி நியாயமாகத் தெரியும். அதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. வரிச் சலுகை என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு சலுகைகள் இருக்கின்றன. பணத்தை உள்ளே போடும்போது சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்வது ஒன்று. உள்ளே வளரும் வட்டிக்கும், கடைசியில் கையில் வரும் தொகைக்கும் வரி இல்லாமல் இருப்பது இன்னொன்று. புதிய முறையில் போனது முதலாவது மட்டும். இரண்டாவது அப்படியே இருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஓடப்போகிற பணத்துக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய சமாச்சாரம்.

(புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. பழகின பேர் என்பதால் இங்கே 80சி என்றே வைத்துக்கொள்வோம்.)

எவ்வளவு தேவைப்படும்?

இன்றைக்கு உங்கள் மாசச் செலவு 30,000 ரூபாய், வயது 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறினால், 60 வயதில் இதே வாழ்க்கைக்கு மாசம் சுமார் 2.3 லட்சம் ரூபாய் ஆகும். அதே வாடகை வீடு, அதே சாப்பாடு, அதே பெட்ரோல். எதுவும் கூடவில்லை, விலை மட்டும்தான் கூடியிருக்கிறது.

பயமுறுத்தும் எண்தான். ஆனால், உங்கள் பக்கமும் ஒரு எண் வேலை செய்கிறது. மாசம் 5,000 ரூபாயை 25 வயதில் போட ஆரம்பித்து, சராசரியாக 10% வளர்ச்சி கிடைத்தால், 60 வயதில் சுமார் 1.9 கோடி. இதையே 35 வயதில் ஆரம்பித்தால் சுமார் 66 லட்சம்தான். முன்னவர் கூடுதலாகப் போட்டது வெறும் 6 லட்சம். வித்தியாசமோ ஒன்றேகால் கோடி!

இங்கே ஒரு நிமிஷம். இந்த மாதிரிக் கணக்கைக் காட்டி 'கோடீஸ்வரர் ஆகலாம்' என்று சொல்லும் ரீல்ஸ் எல்லாம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். அதே 6% விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அந்த 1.9 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம்தான். 25 லட்சத்தை வைத்து இருபது, இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? முடியாது. அதனால் 5,000 என்பது ஆரம்பம் மட்டுமே. சம்பளம் ஏறும்போது அதுவும் ஏற வேண்டும். வருஷத்துக்கு 5% கூட்டிக்கொண்டே போனால் அதே 35 வருஷத்தில் சுமார் 3.1 கோடி வரும். கடைசி வருஷம் நீங்கள் போட வேண்டியது மாசம் 26,000 ரூபாய் அளவுக்குத்தான். அப்போதைய சம்பளத்துக்கு அது பாரமாக இருக்காது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது

ரிட்டயர்மென்ட் என்றதும் புது ஆப் டவுன்லோடு பண்ண வேண்டாம். மாசச் சம்பளக்காரராக இருந்தால், பெரும்பாலும் உங்கள் பேரில் பி.எஃப். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பே ஸ்லிப்பில் 'கழிவு' பக்கத்தில் எரிச்சலோடு பார்ப்பீர்களே, அதுதான்.

அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் உங்கள் பங்கு 12%. கம்பெனியும் 12% போடும். ஆனால், கம்பெனி போடுவது முழுசாக பி.எஃப்.பில் சேராது. அதில் 8.33%, அதாவது அதிகபட்சம் மாசம் 1,250 ரூபாய், இ.பி.எஸ். என்ற பென்ஷன் திட்டத்துக்குப் போகும். மீதிதான் பி.எஃப்.

அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய் என்றால்: நீங்கள் 3,000, கம்பெனி 3,000. அதில் 1,250 பென்ஷனுக்குப் போக, மாசம் 4,750 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேரும். சம்பளமே ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 25 வயதிலிருந்து 58 வரை இப்போதைய 8.25% வட்டியில் இது சுமார் 90 லட்சம் ஆகும். 2023-24, 2024-25 இரண்டு வருஷத்துக்கும் இ.பி.எஃப்.ஓ. கொடுத்த வட்டி 8.25%. வட்டி வருஷா வருஷம் அறிவிக்கப்படுவது, மாறக்கூடியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில கம்பெனிகள் உண்மையான அடிப்படைச் சம்பளத்துக்குப் பதில், சட்டம் சொல்லும் உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப். பிடிப்பார்கள். அப்போது நீங்கள் 1,800, கம்பெனி 1,800. பென்ஷன் போக பி.எஃப்.பில் சேர்வது 2,350 ரூபாய்தான். மேலே சொன்ன 90 லட்சம் பாதியாகிவிடும். வேலையில் சேரும்போது, 'எந்த முறையில் வேணும்?' என்று ஒரு ஃபார்மில் கேட்பார்கள். டேக் ஹோம் கூட வரும் என்று யோசிக்காமல் சின்ன தொகையை டிக் பண்ணிவிட்டு வருகிறவர்கள் நிறைய பேர். கையில் கூட வரும் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இ.எம்.ஐ.க்குத்தான்.

'அதான் பென்ஷன் வருமே' என்று இ.பி.எஸ்.ஸை நம்பி உட்காரவும் முடியாது. அதன் ஃபார்முலா: பென்ஷனுக்கான சம்பளம் பெருக்கல் வேலை செய்த வருஷம், அதை 70-ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 வருஷம் உழைத்தால் மாசம் 7,500 ரூபாய். அவ்வளவுதான். அதுவும் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷனுக்கே தகுதி.

'வேலை மாறிட்டேன், பி.எஃப். எடுத்துடலாமா?'

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முதல் கம்பெனியில் மூன்று வருஷம். பி.எஃப்.பில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. வேறு வேலை கிடைத்துவிட்டது. 'பழைய கணக்கு எதுக்கு, க்ளோஸ் பண்ணி எடுத்துடு மச்சி. ஒரு பைக் வாங்கலாம்' என்று பக்கத்து சீட் நண்பர் சொல்வார். போனிலேயே கிளெய்ம் போட்டால் சில நாளில் பணம் வந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதே ஒரு பிரச்னை.

27 வயதில் எடுக்கும் அந்த 1.5 லட்சம், எடுக்காமல் விட்டால் 58 வயதில், 8.25% வட்டியில், சுமார் 17.5 லட்சம். வட்டி 7% ஆகக் குறைந்தால்கூட 12 லட்சத்துக்குமேல். பைக்கின் உண்மையான விலை அது.

தவிர, வேறு மூன்று இடங்களிலும் அடி விழும். தொடர்ந்து ஐந்து வருஷம் முடியும் முன் எடுத்தால், அந்தப் பணம் வரிக் கணக்குக்குள் வந்துவிடும். தொகை 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், பான் கொடுத்திருந்தாலும் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள். இதுவே பழைய கணக்கைப் புதிய கம்பெனிக் கணக்கோடு மாற்றிக்கொண்டால், பழைய வருஷங்களும் சேர்ந்து ஐந்து வருஷக் கணக்கில் வரும். அடுத்தது, பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், 10 வருஷ சர்வீஸ் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். மூன்று கம்பெனியில் மும்மூன்று வருஷம் வேலை பார்த்து, மூன்று தடவையும் எடுத்தவருக்கு, ஒன்பது வருஷம் உழைத்தும் சர்வீஸ் ஒன்றும் இருக்காது. இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருமுறை எடுத்துப் பழகிவிட்டால் அடுத்த முறையும் கை தானாகப் போகும்.

சட்டப்படி பார்த்தால், இன்னொரு பி.எஃப். கம்பெனியில் சேர்ந்துவிட்டவர் பழைய கணக்கை முழுசாக எடுப்பதே சரியில்லை. அந்த ஏற்பாடு வேலை இல்லாமல் இருப்பவர்களுக்கானது. 2025 அக்டோபரில் இ.பி.எஃப்.ஓ.வின் மத்திய அறங்காவலர் குழு இதை இன்னும் இறுக்கி ஒரு முடிவெடுத்தது. வேலை போனால் 75% தொகையை உடனே எடுக்கலாம். மீதி 25% கணக்கிலேயே இருக்க வேண்டும், 12 மாசம் வேலை இல்லாமல் இருந்தால்தான் முழுசாக எடுக்கலாம். முன்பு இது 2 மாசமாக இருந்தது. 'என் காசை எடுக்க இவங்க யாரு?' என்று சோஷியல் மீடியாவில் பெரிய சத்தம் எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வேலை போனவருக்கு வாடகை கட்ட இன்றைக்கே பணம் வேண்டும், 58 வயதில் அல்ல. ஆனால், அந்த வாடகைப் பணம் பி.எஃப்.பிலிருந்து வர வேண்டியதில்லை. மூன்று முதல் ஆறு மாசச் செலவுக்கான தொகை ஒரு எஃப்.டி.யில் தனியாக இருந்தால், பி.எஃப்.பைத் தொட வேண்டிய நிலைமையே பெரும்பாலும் வராது. அதனால், ரிட்டயர்மென்ட் சேமிப்பின் முதல் படி, ரிட்டயர்மென்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இந்த அவசரகால நிதிதான்.

வேலை மாறும்போது செய்ய வேண்டியது இதுதான். யு.ஏ.என். நம்பர் ஒன்றே ஒன்றுதான், எத்தனை கம்பெனி மாறினாலும் அதையே கொடுங்கள். பழைய கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று இ.பி.எஃப்.ஓ. தளத்தில் பாருங்கள். செய்யவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாசம் ஆனபிறகு நீங்களே பதிவு செய்யலாம். பிறகு பழைய கணக்கைப் புதியதுக்கு மாற்ற ஆன்லைனில் கோரிக்கை போடுங்கள். ஆதார், பான், வங்கிப் பதிவு மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம்ம ஊரில் இனிஷியல்தான் பெரிய வில்லன்! ஒன்றில் 'கே.', இன்னொன்றில் அப்பா பேர் முழுசாக என்று இருந்தால், கிளெய்ம் அங்கேயே நிற்கும். வேலையில் இருக்கும்போதே சரிபண்ணிக்கொள்ளுங்கள், முப்பது வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. பே ஸ்லிப்பில் பிடித்தம் காட்டினால் மட்டும் போதாது. உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து, மாசா மாசம் பணம் வந்து விழுகிறதா என்று பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு. மூன்றாவது மாசத்தில் கண்டுபிடித்தால் கேட்கலாம், மூன்றாவது வருஷத்தில் கண்டுபிடித்தால் அலைய வேண்டும்.

பி.எஃப்.பில் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தோன்றினால் வி.பி.எஃப். இருக்கிறது. உங்கள் பங்கை 12%க்கு மேல் கூட்டச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேட்டாலே போதும், அதே வட்டி. ஒரே ஒரு எல்லை உண்டு. உங்கள் பங்கு வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி உண்டு.

பி.பி.எஃப்.: போஸ்ட் ஆபீஸ் பெரியவர்

1968-ல் வந்த திட்டம். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருஷம். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1%. வட்டிக்கும் வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. புதிய முறையில் இருப்பவருக்கும் இதே நிலைதான். வருஷா வருஷம் முழு 1.5 லட்சமும் போட்டால், இந்த வட்டியில் 15 வருஷ முடிவில் சுமார் 40.7 லட்சம் கிடைக்கும். பிறகு ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம்.

ஒரு சின்னச் சூட்சுமம்: வட்டி, ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதி முடிவிலிருந்து மாசக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான். 6-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது. அதனால், 5-ம் தேதிக்குள் போடுங்கள்.

இது யாருக்கு ரொம்ப உபயோகம்? பி.எஃப். இல்லாதவர்களுக்கு. ஃப்ரீலான்ஸ் டிசைனர், டெலிவரி ஓட்டுபவர், யூடியூபர், சொந்தக் கடை வைத்திருப்பவர். இவர்களுக்கு மாசா மாசம் பிடித்தம் பண்ண யாரும் இல்லை. வருமானம் வரும் மாசத்தில் அதிகம், வராத மாசத்தில் ஒன்றும் இல்லை என்று போடலாம், வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். பி.எஃப். நன்றாக ஓடுபவருக்கு பி.பி.எஃப். கட்டாயம் இல்லை. ஆனால், 30% வரி கட்டுபவருக்கு எஃப்.டி. வட்டி முழுக்க வரிக்கு உட்பட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கும் அதே கதை. அவருக்கு வரி இல்லாத 7.1% என்பது சாதாரண விஷயம் இல்லை.

என்.பி.எஸ்.: எல்லோருக்கும் இல்லை

2004 ஜனவரி 1-ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த இந்தத் திட்டம், 2009 மே 1 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. உங்கள் பணம் பங்குகள், கம்பெனிப் பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் என்று பிரிந்து போகும். நிர்வாகக் கட்டணம் மிகக் குறைவு. இளைஞர்கள் பங்குப் பக்கம் 75% வரை வைக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து, 100% வரை பங்குகளில் போடும் திட்டங்களும் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு உண்டு.

புதிய வரி முறையில் உயிரோடு இருக்கும் பெரிய கழிவு ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நீங்களாகப் போடும் என்.பி.எஸ். பணத்துக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. ஆனால், கம்பெனி உங்கள் கணக்கில் போட்டால், அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. இதற்காகக் கம்பெனி கூடுதலாகப் பணம் தர வேண்டியதில்லை. உங்கள் சி.டி.சி.யிலேயே ஒரு பகுதியை 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்பதிலிருந்து 'என்.பி.எஸ்.' என்று மாற்றச் சொல்லலாம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், மாசம் 8,400, வருஷத்துக்கு 1,00,800 ரூபாய். நீங்கள் 15% வரி அடுக்கில் இருந்தால், செஸ்ஸோடு சேர்த்து வருஷம் சுமார் 15,700 ரூபாய் வரி மிச்சம். இதற்கு எல்லாக் கம்பெனியிலும் வசதி இருக்காது. 'கார்ப்பரேட் என்.பி.எஸ். இருக்கா?' என்று ஹெச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள்.

ஆனால், சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரியே இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பண்ணுவது? அவர் வரிக்காக என்.பி.எஸ்.ஸில் நுழைந்தால், சலுகை ஒன்றும் கிடைக்காமல் பூட்டு மட்டும்தான் மிஞ்சும். பூட்டு என்பது சும்மா சொல்லவில்லை. இடையில் பணத்தை எடுப்பது கஷ்டம். கடைசியிலும் முழுசாகக் கையில் தர மாட்டார்கள், ஒரு பகுதிக்கு ஆன்யூட்டி, அதாவது மாசப் பென்ஷன் தரும் பாலிசி வாங்கியே ஆக வேண்டும். வெகுகாலம் அந்தப் பகுதி 40% ஆக இருந்தது. 2025 டிசம்பரில் விதி தளர்ந்து, தனியார் துறையினருக்கு 20% ஆகக் குறைந்தது. ஆன்யூட்டியிலிருந்து வரும் பென்ஷன் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். என் அபிப்பிராயம்: வரி அடுக்கில் இருந்து, கம்பெனி வசதியும் இருந்தால் என்.பி.எஸ். எடுங்கள். இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல இடம் இருக்கிறது.

அந்த வேறு இடம்

பி.எஃப்., பி.பி.எஃப். இரண்டும் பாதுகாப்பானவை. ஆனால், விலைவாசியை இரண்டு, மூன்று சதவீதம்தான் முந்தும். 35 வருஷம் கையில் இருப்பவர், ஒரு பகுதியையாவது பங்குச் சந்தையில் ஓடவிட வேண்டும். டிப்ஸ் குரூப்பில் சேர்ந்து ஷேர் வாங்குவதைச் சொல்லவில்லை. நிஃப்டி 50 மாதிரி ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாசம் ஒரு எஸ்.ஐ.பி. போதும். நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகள் அதில் இருக்கும். தேறாதது வெளியேறி, வளர்ந்தது உள்ளே வரும். எந்த ஃபண்ட் மேனேஜர் கெட்டிக்காரர் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது 'டைரக்ட்' பிளானா, 'ரெகுலர்' பிளானா என்று ஒரு வார்த்தை பாருங்கள். 2013 முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட் உண்டு, அதில் ஏஜென்ட் கமிஷன் கிடையாது. ஒரு சதவீதம் என்ன பெரிய காசு என்று தோன்றும். மேலே பார்த்த அதே 5,000 ரூபாய் கணக்கில், 10% வளர்ச்சி 9% ஆகக் குறைந்தால் 1.9 கோடி 1.47 கோடியாக இறங்குகிறது. ஆலோசனை சொல்லி, சந்தை விழும்போது கையைப் பிடித்து நிறுத்தும் நல்ல ஆள் கிடைத்தால், அந்தக் கமிஷன் தகும். வெறுமனே ஃபார்ம் நிரப்பித் தருபவருக்குத் தகாது.

சந்தை விழும். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே வருஷம் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. 2020 ஜனவரியில் 42,000 அருகே இருந்தது, மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே. அந்த வருஷம் முடியும்போதே 47,000-ஐத் தாண்டியிருந்தது. ஆனால், 2008-ல் விழுந்தது எழுந்து பழைய உச்சத்தைத் தொட இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனது. அடுத்த முறை எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து வருஷத்துக்குள் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ் என்று தேவைப்படும் பணத்தை இங்கே வைக்காதீர்கள். 25 வயதுக்காரரின் ஓய்வுக்காலப் பணத்துக்கு விழுந்த சந்தை மலிவு விலைக் கடை மாதிரி. 57 வயதுக்காரருக்கு அதே சரிவு வாழ்க்கையையே உலுக்கும். அதனால், ஐம்பதைத் தாண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிலிருந்து பாதுகாப்பான பக்கம் நகர்த்த வேண்டும்.

வரி? பங்கு ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. வருஷா வருஷம் வட்டிக்கு வரி கட்டும் எஃப்.டி. போல் இல்லாமல், விற்கும் வரை வரியே கிடையாது. 80சிக்காகவே பிரபலமான இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் மூன்று வருஷம் பணம் முடங்கும். புதிய முறையில் இருப்பவருக்குக் கழிவு இல்லாததால், இனி அதை வாங்கத் தனிக் காரணம் ஒன்றும் இல்லை. மாமா கொண்டுவரும் எண்டோவ்மென்ட் பாலிசிக்கும் இதே பதில்தான். உங்களை நம்பி வீட்டில் ஆள் இருந்தால், டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கள். இன்ஷூரன்ஸ் வேறு, சேமிப்பு வேறு.

எதை முதலில்?

சம்பளம் 30,000 ரூபாயில் இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரே மாசத்தில் எல்லாவற்றையும் ஆரம்பிக்க வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடையுங்கள். வருஷத்துக்கு 36%, 40% என்று ஏறும் வட்டியை முந்தும் முதலீடு இந்தியாவில் கிடையாது. அடுத்து, அவசரகால நிதி. அதுவரை பி.எஃப். பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும், அதைத் தொடாமல் இருந்தாலே பாதி வேலை நடக்கிறது. பிறகு இண்டெக்ஸ் ஃபண்டில் ஆயிரமோ, இரண்டாயிரமோ. இன்க்ரிமென்ட் வரும் மாசத்தில், அந்தக் கூடுதல் பணம் பழகிப்போகும் முன், அதில் பாதியை எஸ்.ஐ.பி.யில் ஏற்றிவிடுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது, தங்கை படிப்பு இருக்கிறது என்பவர்களுக்கு இதுகூட முடியாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும்: வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாது.

குழந்தை பிறந்து சில வருஷம் வேலையை விடும் பெண்களுக்கும் இதையே சொல்லத் தோன்றுகிறது. 'இனி வேலைக்குப் போகப் போறதில்லையே' என்று அந்த நேரத்தில் வீட்டில் யாராவது சொல்லி, பி.எஃப். கணக்கை முடித்து, பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். மூன்று வருஷம் கழித்து மறுபடி வேலைக்குப் போகும்போது பழைய சேமிப்பும் இல்லை, பழைய சர்வீஸும் இல்லை. உங்கள் பேரில் இருக்கும் பணம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, நாமினி. பி.எஃப்.போடு இ.டி.எல்.ஐ. என்ற இன்ஷூரன்ஸும் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால், குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், இதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் இல்லை. ஆனால், நாமினி பதிவு செய்யாவிட்டால், அந்தப் பணத்துக்காகக் குடும்பம் வாரிசுச் சான்றிதழ், அலுவலகம் என்று அலைய வேண்டியிருக்கும். இ.பி.எஃப்.ஓ. தளத்தில் இ-நாமினேஷன் செய்யப் பத்து நிமிஷம் போதும். கல்யாணத்துக்கு முன்னால் செய்திருந்தால், கல்யாணம் ஆனதும் மறுபடி புதிதாகச் செய்யுங்கள். பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், என்.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாமினி பதிவு உண்டு, ஒன்றில் போட்டது மற்றதற்குச் செல்லாது. எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போன் லாக்கில் இருக்கும் ஆப்பைத் திறந்து பார்க்க உங்கள் அம்மாவால் முடியாது.